குருதிச் சோதனையும் மணவினையும்



மணப்பொருத்தம் பத்தும் பார்க்கும் நாம் குருதியை ஆராயக் கூசுவதேன்?

எம் புதல்வி வெளிறியிருந்தமையின் இரும்புச்சத்து மருந்து அளித்தோம், பயனில்லை. மருத்துவர் அவள் குருதியைச் சோதிப்பித்தார். முடிவு வருங்காறும் எம் இல்லத்தில் உறக்கமில்லை. ஹீமோகுளோபின் ஏ2 அளவு மிகுந்திருந்தது. அவள் நோயாளியல்லள், தலசீமியா என்னும் நோயின் கூற்றைத் தாங்குபவள். எம்மையும் சோதித்தனர், அக்கூறு எம்மிடமிருந்தே சென்றது.

தாங்குவோர் இருவர் மணப்பின், ஒவ்வொரு மகவுக்கும் அந்நோய் வர நான்கிலொரு பங்கு இடமுண்டு. கடுமையாக நோயுற்ற மகவு வாழ்நாள் முழுதும் பிறர் குருதியை ஏற்றே வாழல் வேண்டும். உறவுக்குள்ளேயே கொண்டு கொடுக்கும் நமக்கு அபாயம் மிகுதி. சைப்ரசுத் தீவினர் 1970களிலிருந்து இச்சோதனையைப் பரப்பி, அந்நோயுடன் பிறப்போரை அரிதாக்கினர்.

வரன் கேட்டு வருவோர்க்குச் சாதகத்தோடு அச்சோதனைத் தாளையும் காட்டுவோம். மணமகன் தாளையும் கேட்போம்.