பார்த்து நடப்போம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

உடல்நலம் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றி இம்மன்றத்தில் புதிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவற்றின் அளவுகளை நம்மவர் மனப்பாடமாகவே வைத்துள்ளனர். வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதையும் மருத்துவர் வாயிலாகப் பலமுறை கேட்டுவிட்டோம். ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் பரங்கிப்பேட்டைத் தெருக்களில் நடப்போர் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அந்நடையைச் சற்று நோக்குங்கள். ஒருவர் கைப்பேசியில் அடிகளை எண்ணிக்கொண்டு செல்கிறார். இருவர் மனை விலை பேசிச் செல்கின்றனர். வேறொருவர் சிங்கப்பூரிலுள்ள மகனுடன் உரையாடியவாறே மூன்று தெருக்களைக் கடந்துவிடுகிறார். கால்கள் நடக்கின்றன, ஆள் அங்கே இல்லை. மாத்திரையை விழுங்குவது போல் நாம் நடையையும் விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வை இங்குக் குறிப்பிட விரும்புகிறோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்து அறிஞர்கள், முதியோர் 52 பேரை இரு பிரிவாக்கி, எட்டு வாரங்கள், வாரம் ஒருமுறையேனும் 15 நிமிடம் வெளியில் நடக்கச் செய்தனர். ஒரு பிரிவினரிடம் நடக்குமாறு மட்டும் கூறினர். மற்றவரிடம், வியப்பதற்குரியதைத் தேடி, சிறுபிள்ளையின் கண்ணோடு நடக்குமாறு கூறினர். நடையின்போது தம்மைத் தாமே படம் பிடிக்கவும் சொல்லியிருந்தனர். வியந்து நடந்தோரின் படங்களில், வாரங்கள் செல்லச் செல்ல, அவர்களுடைய உருவம் சிறுத்துச் சுற்றுப்புறம் பெருகிற்று, புன்னகையும் விரிந்தது. மற்றவர்கள் அதிக முறை நடந்தும் இம்மாற்றத்தைப் பெறவில்லை. 52 பேர் என்பது சிறு தொகையே. அதை வைத்துப் பெரிய முடிவு எதுவும் கட்ட வேண்டா. ஆனால், அந்தப் படங்களை நினைக்கும்போது, நம் இளைஞர்கள் எடுக்கும் படங்களும் நினைவிற்கு வரவே செய்கின்றன.

வியப்பதற்கு நாம் கொடைக்கானலுக்குப் போக வேண்டியதில்லை. வெள்ளாறு கடலோடு கலக்கும் கழிமுகம் நம் வாசலில் இருக்கிறது. தெற்கே கொள்ளிடம் நோக்கிப் பரந்து கிடக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு சுமார் 1,100 ஹெக்டேர்; 2022இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. வெளியூரார் கட்டணம் செலுத்திப் படகேறிக் காணும் அதே மர வகைகள் நம் ஆற்றங்கரையிலும் நிற்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தார் நட்டு வளர்த்தவையும் அவற்றுள் உள.

அம்மரங்களின் அருகே நின்று பாருங்கள். சுரபுன்னை, வில்லாக வளைந்த வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கும். அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, சிறு முருங்கைக்காய் போல் நீண்டு, பின்னர் விழும். வெண்கண்டல் மரமோ மூச்சுவிடுவதற்காக வேர்களைப் பென்சில் போல் சேற்றுக்கு மேலே நீட்டும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றும். அவ்விலையை நாவால் தொட்டால் உப்புக் கரிக்கும். எல்லா இலைகளையும் இவ்வாறு சுவைத்துவிடாதீர்கள்! தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்தது இம்மரமே.

நம் காலடி ஓசையில் வளைக்குள் ஒளிந்த சிறு நண்டுகள், ஓரிரு நிமிடம் அசையாது நின்றால் ஒவ்வொன்றாக வெளிவரும். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் மிகப் பெரிது. அதை உயர்த்தித் தாழ்த்தி இணையை அழைக்கும். விரைந்து நடப்பவர் ஆயுள் முழுவதும் நடந்தாலும் இதைக் காணமாட்டார். குளிர்காலத்தில் நீரோரமாக வால்புறத்தை ஆட்டியபடி ஓடும் உள்ளான் குருவி இமயமலைப் பகுதியிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வருவது. பிறை பார்க்கப் பழகிய நமக்கு ஓதத்தின் கணக்கும் எளிதில் விளங்கும்: ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தி ஏறும், தலைப்பிறையையும் முழுநிலவையும் ஒட்டிய நாட்களில் மிகுந்து ஏறி, மிகுந்து வற்றும்.

பாய்மரக் கப்பல்களில் சென்ற நம் மூத்தோர், காற்றைத் திசைக்கொரு பெயரால் அறிந்திருந்தனர்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். இன்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த காற்று, மின்விசிறியின் காற்று ஒன்றுதான். இதை வெறும் ஏக்கமாகச் சொல்லவில்லை. பெயர் தெரியாத மரத்தடியில் குப்பைப் பையை வீசுவதற்குக் கை கூசுவதில்லை. நம் ஆற்றங்கரையில் அதை நாள்தோறும் காண்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, கடலூர் மாவட்டக் கரையில் மரங்களின் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை, மறு ஆண்டே ஆய்வாளர்கள் எழுதினர். நாம் குப்பை கொட்டுவது அத்தகைய மரங்களின் அடியில்தான்.

நிர்வாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். மதரஸா மாணவர்களை மாதம் ஒரு ஞாயிறு அதிகாலையில் ஆற்றங்கரைக்கு நடத்திச் செல்ல இசைவு தாருங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தாய்மார் துணையோடு தனி நாள் ஒதுக்கலாம். மரங்களின் பெயர் அறிந்த மீனவப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்வோம். ஓதம் வற்றும் நேரமே ஏற்றது. நண்டுகள் அப்போதுதான் வெளிவரும். பழைய செருப்பு போதும், சேறு நிச்சயம். கைப்பேசிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அவசரத்திற்குப் பொறுப்பாளரிடம் மட்டும் ஒன்று இருக்கட்டும்.