சத்திரத்தில் யாருக்கு இடம்?

(பனவடலிசத்திரத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்ததும் ஒரு தோழர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "அண்ணே, நானும் அவளும் வேற வேற சாதி. பிள்ளை பிறக்கப் போகுது. எல்லாச் சாதியும் கலந்து இருக்கிற ஊராப் பார்த்துக் குடி போயிரலாமா?" அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

எல்லாச் சாதியும் இருக்கிற ஊர்தான் வேண்டுமென்றால் எங்கேயும் போக வேண்டியதில்லை. நம்ம வட்டாரத்துக் கிராமங்கள் பெரும்பாலும் அப்படித்தான். தலையை எண்ணினால் கலப்பு. தெருவில் நடந்தால் பிரிவு. 2022 செப்டம்பரில் இதே சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில் என்ன நடந்தது? பள்ளிக்கூடப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போனார்கள். ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஊரிலும் பல சாதி இருந்தது. மிட்டாய்தான் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த வழக்கில் இன்னொன்றும் நடந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவைப் பயன்படுத்தி, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வரக்கூடாது என்று நெல்லை நீதிமன்றம் உத்தரவிட்டது. அடி வாங்கினவன்தான் ஊரை விட்டுப் போக வேண்டும் என்பதே இதுவரை நாம் பார்த்த வழக்கம். அது ஒருமுறையாவது தலைகீழானது. இதை மறந்துவிடாதீர்கள்.

"அப்போ டவுனுக்குப் போயிரலாமே" என்பீர்கள். நானும் போனேன். வேலை கிடைத்த நகரத்தில் வீடு தேடினேன். வாடகை பேசி, அட்வான்ஸ் பேசி, சாவியைக் கையில் கொடுக்கும் நேரத்தில் வீட்டுக்காரர் கேட்டார்: "தம்பி, நீங்க என்ன ஆளுக?" சொன்னேன். சாவி திரும்பச் சட்டைப்பைக்குள் போய்விட்டது. "சொந்தக்காரங்க வர்றாங்க" என்றார். இரண்டு மாதம் கழித்தும் அந்த வீடு பூட்டித்தான் கிடந்தது.

நம்ம ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சத்திரம் என்றால் வழிப்போக்கனுக்கு இடம். 1917இல், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பரோடா அரசு வேலைக்குப் போனபோது தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அது பழைய கதை இல்லை. அரசமைப்பின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் என்று பட்டியல் போடுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. அகமதாபாத்தில் ஒரு வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. பார்சிகளைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. 'எங்க ஆளுகளுக்கு மட்டும்' என்ற கதவை அந்தத் தீர்ப்பு எல்லாருக்கும் திறந்துவிட்டது.

அரசு நினைத்தால் கலக்க முடியாதா? முடியும். 1998இல் திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடு, பட்டியல் சாதியினருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. சுடுகாடும் பொது. சிங்கப்பூரில் 1989 முதல் அரசுக் குடியிருப்பின் ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு என்று வரம்பு உண்டு. ஆனால் அதே சிங்கப்பூரில் வாடகை விளம்பரங்களில் 'இந்தியர் வேண்டாம்' என்று போட்டதும் நடந்தது. சமத்துவபுரமும் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியதுதான். பழைய ஊர் பழையபடியே இருக்கிறது. சட்டம் பக்கத்து வீட்டில் குடிவைக்கும். கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுவது மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே தோழரே, ஊரைத் தேடும்போது எத்தனை சாதி இருக்கிறது என்று எண்ணாதீர்கள். மெயின் ரோட்டில் யாருக்கு வாடகைக்கு வீடு கிடைக்கிறது? பிணம் எந்தத் தெரு வழியாகப் போகிறது? சத்துணவுக்கூடத்தில் பட்டியல் சாதிப் பெண் சமைத்தால் எல்லாப் பிள்ளையும் சாப்பிடுகிறதா? பிரச்சினை என்றால் எஃப்.ஐ.ஆர். போடுகிற காவல் நிலையம் இருக்கிறதா? கூப்பிட்டால் ஓடிவர நாலு பேர் இருக்கிறார்களா? இவற்றைப் பாருங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் எதையும் பார்க்காமல் கிளம்புங்கள். பிழைத்திருப்பதும் போராட்டம்தான்.

ஆனால் இந்தக் கேள்வியை அவர் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் எழுந்து போக முடியாது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருக்கும். நாளைக்கு யாராவது வாடகைக்குக் கேட்டு வரும்போது உங்க அப்பாவோ அம்மாவோ "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்கப் போகிறார்கள். அப்போது நீங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களா, எழுந்து வந்து சாவியை எடுத்துக் கொடுப்பீர்களா?

அந்தத் தோழருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் உங்கள் கையில் இருக்கிறது.