ஒரே பிரதி, நாற்பது மாணவர்கள்

தோழர்களே,

பாடப் பட்டியலில் நூல் இருக்கிறது. நூலகத்தில் ஒரே பிரதி. அதையும் வெளியே தரமாட்டார்கள். வகுப்பில் நாற்பது பேர். பணமுள்ளவர் வாங்கிவிடுகிறார். உதவித்தொகைக்குக் காத்திருக்கும் நாம் மேசைக்கு முன் வரிசையில் நிற்கிறோம். தேர்வு மட்டும் எல்லோருக்கும் ஒரே நாளில் வருகிறது.

2012இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் பதிப்பகங்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் வளாகத்து ஜெராக்ஸ் கடை மீதும் வழக்குத் தொடுத்தன. நூல்களின் பகுதிகளைத் தொகுத்து மாணவருக்கு நகலெடுத்துத் தந்ததுதான் குற்றச்சாட்டு. கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது என்று 2016இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன.

முழு நூலையும் ஸ்கேன் செய்து இரவல் தருவது வேறு. ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்ற கணக்கில் அப்படித் தந்த அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ், 2024இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அந்த வாசல் குறுகியிருக்கிறது. பாடப் பகுதிகளுக்கான வாசல் இங்கே திறந்திருக்கிறது. ஆனாலும் எத்தனை நூலகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன?

பொதுக் குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானித்தது. தீர்மானம் தாளில் கிடந்தது. 1927இல் பாபாசாகேப் தலைமையில் மகாத் குளத்துக்கு நடந்து சென்றுதான் நாம் நீரை அள்ளினோம்.

பருவம் தொடங்கும் முன்பே பாடப் பகுதிகளை ஸ்கேன் செய்து தரும்படி துறைத்தலைவரிடமும் நூலகரிடமும் எழுத்தில் கேட்போம். மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் வாங்குவோம்.

ஜெய்பீம்.