பாட்டு மட்டும் போதுமா?



தமிழ் கற்பிக்கும் எங்களுக்குச் ‘சங்கம்’ என்ற சொல் காதில் விழுந்தவுடன் மதுரைதான் நினைவுக்கு வரும். ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் என முப்பதுக்கு மேற்பட்ட பெண்பாற் புலவர்கள் இருந்தார்கள் என்று உயர்தர வகுப்பு மாணவருக்குச் சொல்லுவோம். அக்காலத்திலேயே பெண்ணின் குரல் சபையேறியது என்று பெருமைப்படுவோம். பிறகு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆயினும் இன்று நான் பேச வந்திருப்பது இன்னொரு சங்கத்தைப் பற்றி. அங்கே பாண்டிய மன்னர் இல்லை; சங்கப் பலகையும் இல்லை. எழுத்தறியாத ஏழைப் பெண்கள் பலர் இருந்தார்கள். அவர்களிடம் சொந்தமாக ஒரு வானொலி நிலையம் இருந்தது.

இந்தியாவின் தக்காண மேட்டுநிலத்தில், இன்றைய தெலுங்கானா மாநிலத்தில், ஜஹீராபாத் என்றொரு ஊர் உண்டு. சுற்றிவர மழையை நம்பிய வரண்ட நிலம். அப்பகுதிக் கிராமங்களில் 1980களிலே தக்காண அபிவிருத்திச் சங்கம் என்ற அமைப்பு வேலை செய்யத் தொடங்கியது. ஊருக்கு ஊர் பெண்கள் கூடிச் சங்கங்களை அமைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். பிறர் நிலத்திற் கூலி வேலை செய்பவர்கள். சொந்த நிலம் என்றால் யாருக்கும் வேண்டாத துண்டுக் காணி. பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு இரவில் ஒன்றுகூடிப் பேசினார்கள். கைவிடப்பட்டுக்கொண்டிருந்த சோளம், தினை, சாமை, குரக்கன் ஆகியவற்றை மீண்டும் விதைத்தார்கள். விதைகளைச் சாம்பலும் வேப்பிலையும் சேர்த்துக் கூடைகளிலே பாதுகாத்தார்கள்.

இந்தப் பெண்களின் ஊர்களிலும் அரச வானொலி கேட்டது. ஆனால் அது பேசியது நகரத்துத் தெலுங்கு. அது சொல்லிக்கொடுத்த விவசாயம் அவர்களுடைய விவசாயமன்று; நெல்லும் கரும்பும் செயற்கை உரமும் பற்றியது. தங்கள் பயிரைப் பற்றித் தங்கள் சொற்களிலே பேசுகின்ற வானொலி தங்களுக்கென்று வேண்டும் என அவர்கள் கேட்டார்கள். யுனெஸ்கோவின் உதவி கிடைத்தது. 1998இல் மாச்சனூர் என்ற கிராமத்தில் ஒரு சிறு கலையகம் உருவாயிற்று.

கலையகம் வந்தது, ஒலிபரப்ப அனுமதி வரவில்லை. அனுமதி இல்லையே என்று அவர்கள் சும்மா இருக்கவுமில்லை. நிகழ்ச்சிகளைத் தயாரித்துக் கசெற்றுகளிற் பதிந்து, அவற்றைச் சங்கக் கூட்டங்களுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இப்படியே போயின. காற்றில் ஏற முடியாத குரல் காலால் நடந்து ஊர் ஊராகச் சென்றது என்று சொல்லலாம்.

இந்த அனுமதிக் கதையில் நம் நேயர்கள் சுவைக்கக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. 1993இல் இந்தியாவிலே ஹீரோ கிண்ணக் கிரிக்கெற் சுற்றுப்போட்டி நடைபெற்றது. எமது இலங்கை அணியும் அதிற் பங்குபற்றியது. அப்போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்று எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1995ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்த தீர்ப்பு, வான் அலைகள் பொதுச் சொத்து என்று கூறியது. அரசு அவற்றைப் பொதுமக்களின் நன்மைக்காகவே நிருவகிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கிரிக்கெற் பந்தின் பின்னால் ஓடிய வழக்கு, கிரிக்கெற்றையே பார்த்திராத பெண்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது.

கதவு திறந்தாலும் உடனே உள்ளே போக விடுவார்களா? முதலிற் கல்வி நிறுவனங்களுக்கு மாத்திரம் அனுமதி வழங்கப்பட்டது. அவ்வகையில் 2004ஆம் ஆண்டு பெப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி தொடங்கியது. கர்நாடக மாநிலத்தில் பூதிக்கோட்டை என்னும் கிராமத்தவர், காற்றிலே அனுப்பத்தானே அனுமதி வேண்டும் என்று கம்பி இழுத்து வீடுகளுக்கு ஒலியை அனுப்பிய கதையும் இக்காலத்ததே. பின்னர் 2006ஆம் ஆண்டு நவம்பரிலே விதிகள் தளர்த்தப்பட்டுத் தொண்டு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், உலக கிராமியப் பெண்கள் தினத்தன்று, ‘சங்கம் வானொலி’ காற்றில் ஏறியது. அதனைத் தொடக்கிவைத்தவர் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பை வழங்கிய நீதியரசர்களுள் ஒருவரான, அப்போது ஓய்வுபெற்றிருந்த பி. பி. சாவந்த் அவர்கள்.

அலைவரிசை 90.4. எட்டும் தூரம் ஏறத்தாழ 25 கிலோமீற்றர். நேரம் இரவு 7 மணி முதல் 9 மணி வரை. வேலைக்குப் போன பெண்கள் வீடு திரும்பி அடுப்பு மூட்டும் நேரம் அது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நிலையத்தை நடத்தியவர்கள் நரசம்மா என்ற ஒரே பெயரைக் கொண்ட இரு இளம் தலித் பெண்கள். ஒலிப்பதிவு, தொகுப்பு, அறிவிப்பு எல்லாம் அவர்கள் கையாலேயே நடந்தன. விதை காப்பது, ஆடு மாடுகளின் நோய், மூலிகை, தினைச் சமையல், திருவிழா, பாட்டு, வயோதிப மாதரின் அனுபவம் என்று நிகழ்ச்சிகள் அமைந்தன. பேசுபவளும் அயலூர்க்காரி, கேட்பவளும் அயலூர்க்காரி. இன்று கேட்பவள் நாளை பேசுவாள்.

தலித் பெண்ணொருத்தி மேற்குடியார் வீட்டு வாசலில் நின்று பேசவே தயங்கிய ஊர்கள் அவை. ஆனால் வானொலியில் வரும் குரல் வாசலில் நின்று உத்தரவு கேட்பதில்லை. எந்த நிலத்துக்கு எந்த விதை பொருந்தும் என்று அவள் சொன்னால், அந்த அறிவு தேவைப்படுகிறவர் எவராயினும் காதுகொடுக்கத்தான் வேண்டும். அறிவுரை கேட்கும் இடத்திலேயே எப்போதும் வைக்கப்பட்டிருந்தவள் அறிவுரை சொல்லும் இடத்துக்கு வந்தாள். எனக்கு இதுவே பெரிய மாற்றமாகத் தோன்றுகிறது.

இனி, மொழி. தெலுங்கானாக் கிராமத்துப் பேச்சை நகரத்தார் நீண்டகாலம் கொச்சை என்றே கருதினார்கள். இப்பெண்களோ அந்தப் பேச்சிலேயே வானொலி நடத்தினார்கள். இதைப் பற்றி முதன்முதலிற் படித்தபோது எனக்குச் சிறிது சங்கடமாக இருந்தது. ஏன் என்று சொல்லுகிறேன். இதை வெளியிற் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆயினும் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சுக்குப் பொருளில்லை.

2012ஆம் ஆண்டளவில், நான் ஆசிரியப் பயிற்சியை முடித்த புதிதில், பாடசாலைத் தமிழ்த்தின மலருக்காக நாட்டார் பாடல்களைச் சேகரிக்கப் புறப்பட்டேன். மு. இராமலிங்கம், வி. சீ. கந்தையா போன்ற பெரியோர் செய்த பணியைத் தொடர்வதாக எனக்குள் ஒரு எண்ணம். போருக்குப் பின் மீள்குடியேறிய ஒரு வயற்கிராமத்தில், அருவிவெட்டுப் பாடல் நன்றாகப் பாடுவார் என்று ஒரு அம்மாவைக் காட்டினார்கள். ஒலிப்பதிவுக் கருவியை அவர் முன் வைத்தேன். அருமையாகப் பாடினார். பாடி முடித்ததும், நான் கேட்காமலே, குளத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஆண் துணையில்லாத வீடுகளின் வயலுக்குத் தண்ணீர் எப்போதும் கடைசியிலேயே வருகிறது என்றும், போகக் கூட்டத்திலே தன்னைப் போன்றவர்கள் பின்வரிசையில் இருந்துவிட்டு எழுந்து வருவதுதான் வழக்கம் என்றும் சொல்லிக்கொண்டு போனார்.

நான் இடைமறித்தேன். “அம்மா, பாட்டு மட்டும் போதும். அந்தப் பாட்டின் கருத்தை மட்டும் கொஞ்சம் நல்ல தமிழிலை சொல்லுங்கோ” என்றேன்.

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். “அப்ப நீங்களே சொல்லுங்கோ மாஸ்ரர், நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து தேநீர் ஊற்றப் போனார். நானும் தேநீர் குடித்துவிட்டு, நல்லதொரு பாட்டுக் கிடைத்த மகிழ்ச்சியோடு சைக்கிளில் ஏறி வந்தேன். மலரிலே பாட்டு அச்சாயிற்று. அதன் கீழே ‘ஆசிரியர் பெயர் தெரியாது’ என்று நானே எழுதினேன். ஆக்கியவர் பெயர் தெரியாதது உண்மைதான். பாடியவரின் பெயர் எனக்குத் தெரியுமே, அதையாவது போட்டேனா? இல்லை.

இந்தியச் சமுதாய வானொலி விதிகளைப் படித்தபோது இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வந்தது. அவ்விதிகளின்படி சமுதாய வானொலி நிலையங்கள் தாமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. அந்தப் பெண் விதையைப் பற்றிப் பேசலாம், சமையல் சொல்லலாம், பாடலாம். தன் ஊரில் நேற்று என்ன நடந்தது என்பதைச் செய்தியாகச் சொல்ல முடியாது. பாட்டு வேண்டும், பேச்சு வேண்டாம் என்று நான் ஒரு வீட்டு முற்றத்திலே சொன்னதையே ஒரு சட்டம் நாடு முழுவதற்கும் சொல்லுகிறது. நாட்டார் கலை என்று போற்றிக்கொண்டே நாட்டாரின் முறைப்பாட்டைக் கேட்காமல் விடுவது எவ்வளவு எளிதாக இருக்கிறது, பாருங்கள்.

நமது நாட்டுக்கும் இத்துறையில் ஒரு வரலாறு உண்டு. 1981இல் மகாவலிக் குடியேற்றப் பகுதிகளுக்கெனச் சமுதாய வானொலி தொடங்கியது. தயாரிப்பாளர்கள் கிராமங்களிலே சில நாள் தங்கி, மக்களையே பேசவைத்துப் பதிந்தார்கள். 1989இல் கொத்மலை நிலையம் வந்தது. ஆசிய நாடுகள் பலவற்றுக்கு இவை முன்னோடிகள். எனினும் அவை அரச ஒலிபரப்பின் கீழேயே இயங்கியவை. விசை எப்போதும் மேலே இருந்தவர் கையில்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிடுதல் பொருத்தமாகும். மக்கள் பங்குபற்றிப் பேசும் வானொலிக் கல்வி நிகழ்ச்சியொன்று திடீரென நிறுத்தப்பட்டபோது, அதிலே பங்குபற்றிவந்த நேயர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். 1996இல் எமது உயர் நீதிமன்றம், அந்நேயரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. நேயர் என்பவர் வெறுமனே காது மட்டும் உள்ளவர் அல்லர், அவருக்கு வாயும் உண்டு என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்று இதனை விளங்கிக்கொள்ளலாம்.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை ஒவ்வோர் ஆண்டும் கற்பிக்கிறேன். கையிலே சிலம்போடு வந்த கண்ணகி அரசவையிற் பேசுகிறாள். அவள் பேச்சின் வன்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஆனால் அங்கே ஒரு வாயிற்காவலன் இருந்தான் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அவன் அவளைக் கண்டு அஞ்சினான். ஆயினும் உள்ளே போய் இப்படியொருத்தி வந்து நிற்கிறாள் என்று சொன்னான். பின் அவளை உள்ளே விட்டான். பாட்டுப் பாடத் தெரியுமா என்று அவளைக் கேட்கவில்லை. நல்ல தமிழிலே சொல் என்றும் கேட்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு போன நான் அந்த வாயிற்காவலன் செய்ததைக்கூடச் செய்யவில்லை.

கிராமத்துப் பெண்ணுக்குக் குரல் கொடுக்கிறோம் என்று மேடைகளிலே பேசுகிறார்கள். அவளுக்குக் குரல் இருக்கிறது. நாற்று நடும் வயலிலும் கிணற்றடியிலும் சாவீட்டிலும் அது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. எதைப் பேசுவது, எந்தச் சொல்லிலே பேசுவது, எப்போது நிறுத்துவது என்பதை அவளே தீர்மானிக்கும் ஓர் இடம்தான் வேண்டியது. மாச்சனூர்ப் பெண்கள் பத்து ஆண்டு காத்திருந்து பெற்றுக்கொண்டது அந்த இடத்தைத்தான். அதுவும் முழுமையாகக் கிடைக்கவில்லை. கிடைத்த அளவிலேயே எவ்வளவோ செய்தார்கள்.

அன்று பதிந்த ஒலிப்பதிவு இப்போதும் என்னிடம் இருக்கிறது. நாலு நிமிடப் பாட்டு. பாட்டு முடிந்து ஒரு பெருமூச்சு. பிறகு, “இந்தத் தண்ணிக் கதையையும் ஒருக்கா...” என்ற அரை வாக்கியம். அத்தோடு நிற்கிறது. நிறுத்தியது என் விரல். நாட்டார் பாடல் பாடம் வரும்போதெல்லாம் அதை வகுப்பிலே போட்டுக் காட்டுகிறேன். பாட்டைக் கேட்டு மாணவர்கள் தாளம் போடுவார்கள். கடைசியில் யாராவது ஒரு பிள்ளை, “அந்த அம்மா பிறகு என்ன சொன்னவ, சேர்?” என்று கேட்கும்.

சொல்லுவதற்கு என்னிடம் எதுவுமில்லை. ஆகவே அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ போங்கள். கருவியை அவர் கையிலேயே கொடுங்கள். அவராக நிறுத்தும்வரை நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள் என்கிறேன். நேயர்களே, உங்களுக்கும் இதையே சொல்லி விடைபெறுகிறேன்.