வலியில்லா ஊசியும் புதன்கிழமை ஊசியும்



மைக்கைப் பிடித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கடன் நோட்டு, வரவு செலவு என்றால் பேசுவேன். அதனால் ஒரு கடனிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் குழுவில் எட்டாயிரம் ரூபாய் வாங்கினேன். நோட்டில் ‘மருத்துவச் செலவு’ என்று இருக்கும். வீட்டில் யாருக்கும் நோயில்லை. மூத்த மகளுக்குப் பிள்ளை பிறந்து நாற்பத்தஞ்சு நாள். மாப்பிள்ளை, “அரசாங்க ஊசி போட்டா புள்ள ராத்திரி பூரா காய்ச்சல்ல கெடக்கும் அத்தை. டவுன்ல வலியில்லா ஊசி போட்டுருவோம்” என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. காசு கொடுத்தா நல்லதாத்தானே இருக்கும்?

ஒரு ஊசி நாலாயிரம் பக்கம் வந்தது. மொத்தம் மூணு தவணை. கடன் பணத்தில் ரெண்டு போட்டாச்சு, மூணாவதைக் கூலியில் பார்த்துக்கலாம் என்று நினைத்தோம். அந்த மாசம் ஏலத்தோட்டத்தில் வேலை இல்லை, ஜீப்பே வரவில்லை. பதினாலாவது வாரம் போட வேண்டிய ஊசியை ஆறாம் மாசம்தான் போட்டோம். துணை சுகாதார நிலையத்தில் சும்மா கிடைக்கிறதை விட்டுவிட்டு, பணத்துக்காகப் பச்சப்பிள்ளையை ரெண்டு மாசத்துக்கு மேல் காக்க வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அதிர்ஷ்டம், என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

போன வருஷம் சின்ன மகளுக்குப் பிறந்தது. இந்தத் தடவை நேரே நர்ஸம்மாவிடம் போனேன். “நாங்க இல்லாதவங்கன்னு மட்டமானதப் போடுறீங்களா?” என்றே கேட்டுவிட்டேன். நியூட்ரினோவுக்கு வந்த விஞ்ஞானிகளையே நிற்க வைத்துக் கேள்வி கேட்ட ஊர்தானே பொட்டிப்புரம்!

நர்ஸம்மா கோபப்படவில்லை. “உக்காருங்கக்கா” என்று சொல்லி விளக்கினார். ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம் போடுவது ஐந்து நோய்க்கான ஒரே ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலையில் ஒரு வகை, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவருகிற ஒரு கிருமி, இந்த ஐந்துக்கும். இந்தியாவிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் அரசாங்கம் இதை ஆரம்பித்தது.

முக்கியமான வித்தியாசம் கக்குவான் இருமல் மருந்தில்தான் இருக்கிறது. அரசாங்க ஊசியில் அந்தக் கிருமியை முழுசாகக் கொன்று சேர்த்திருக்கிறார்கள். வலியில்லா ஊசியில் கிருமியின் சில துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்க்கிறார்கள். முழுக்கிருமியைப் பார்க்கிற உடம்பு பலமாகச் சண்டை போடுகிறது. அதனால்தான் காய்ச்சல், தொடையில் வீக்கம். துண்டுகளைப் பார்க்கிற உடம்பு அவ்வளவு அலட்டிக்கொள்வதில்லை, ஆனால் அந்தப் பாதுகாப்பு சீக்கிரம் குறைந்துவிடுகிறது. ஊசி குத்துகிற வலி என்னவோ ரெண்டிலும் உண்டு.

பிறகு ஒரு பயிற்சியில் டாக்டரம்மா ஒருவர் சொன்னார்: அமெரிக்காவில் 1990களில் குழந்தைகளுக்கு வலியில்லா வகைக்கே மாறிவிட்டார்கள். 2012இல் அங்கே 48 ஆயிரம் பேருக்கு மேல் கக்குவான் இருமல் வந்தது. 1955க்குப் பிறகு ஒரே வருஷத்தில் அத்தனை பேருக்கு வந்ததில்லை. அதற்கு இந்த ஊசியின் பலம் சீக்கிரம் குறைவதும் ஒரு காரணம். முழுக்கிருமி ஊசி போடுகிற நாடுகள் முதல் தவணைகளுக்கு அதையே தொடரட்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2015இல் சொல்லியிருக்கிறது.

வலியில்லா ஊசி கெட்டது என்று நான் சொல்லவில்லை. போட்டவர்கள் பயப்பட வேண்டாம், தவணை தவறாமல் முடித்தால் போதும். முந்தைய ஊசிக்குப் பிறகு வலிப்பு வந்த பிள்ளை என்றால் எதைப் போடுவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சின்ன மகள், “யம்மா, இங்கயே போட்டுருவோம்” என்றாள். புதன்கிழமை போட்டோம். அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்கள். ராத்திரி காய்ச்சல் வந்தது, பேத்தி அழுத அழுகையில் எனக்கே மனசு ஆடிப்போச்சு. நர்ஸம்மா கொடுத்த மாத்திரையைச் சொன்ன அளவில் கொடுத்தோம். தாய்ப்பாலை நிறுத்தவில்லை. வீக்கத்தில் ஈரத்துணி வைத்தோம். பக்கத்து வீட்டு மதினி தேய்த்துவிட வந்தார், நான் விடவில்லை. ரெண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் நின்றாலோ, வலிப்பு வந்தாலோ, மூணு மணி நேரம் அழுகை ஓயாவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சிரித்துக்கொண்டு கிடந்தாள்.

போலியோவிலும் இதே குழப்பம் உண்டு. சொட்டு மருந்து கொடுத்தாச்சே, கையில் ஊசி எதற்கு என்பார்கள். சொட்டு குடலில் கிருமியைத் தடுக்கிறது, ஊசி ரத்தத்தில் தடுக்கிறது. அங்கே இது அல்லது அது என்ற பேச்சே இல்லை, ரெண்டும் வேண்டும்.

ஒரு செலவை நர்ஸம்மாவும் சொல்லவில்லை, டாக்டரம்மாவும் சொல்லவில்லை. புதன்கிழமை ஊசி, வியாழக்கிழமை காய்ச்சல். விடியுமுன்னே ஜீப் ஏறுகிற தாய்க்கு ரெண்டு நாள் கூலி போச்சு. டவுன் ஊசிக்கு ஆசைப்படுகிறவர்களில் பாதிப்பேர் இதற்குப் பயந்துதான் ஆசைப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயம்தான்.

இதைப் பேசித்தான் எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் எழுதினோம். ஊசி போட்ட வாரம் அந்தத் தாய் சேமிப்பும் தவணையும் கட்ட வேண்டாம், அடுத்த வாரம் அபராதம் இல்லாமல் கட்டலாம். ஊசிக்கென்று கடன் கேட்டால் மறுப்பதில்லை. தாய் சேய் அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, தவணை தள்ளிப்போயிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். தள்ளியிருந்தால் அந்தப் புதன்கிழமையே கூட ஒரு ஆள் போகும். போன மாதம் ஒரு பிள்ளைக்கு நாலு மாசமாகியும் ஒரு ஊசிகூடப் போடவில்லை, பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் கூடப் போனேன்.