ஜாக்கியும் தாங்கியும்



காய்கறி மூட்டைகளையும் பால் கேன்களையும் சந்தைக்குச் சுமந்து செல்லும் பிக்கப் வண்டியை இன்று நம் ஊர்த் தெருக்களில் எங்கும் காண்கிறோம். எண்ணெய் மாற்றுதல், பிரேக்கைச் சரிபார்த்தல் போன்ற வேலைகளை அதன் உரிமையாளர் தம் வீட்டு வாயிலிலேயே செய்துகொள்வதும் உண்டு. சிக்கனம் கருதிச் செய்யும் அம்முயற்சியில் குறை காண்பதற்கில்லை. ஆனால் வண்டியை உயர்த்தும் முறையை அறியாது அதன் அடியில் படுப்பவர் தம் உயிரைப் பணயம் வைக்கிறார். மார்பின் மீது பெரும்பாரம் அழுந்தினால், எலும்பு ஒன்றும் முறியாவிட்டாலுங்கூட, விலா விரிய இயலாமல் மூச்சு நின்றுவிடும். அதற்குச் சில நிமிடங்களே போதும்.

வண்டியைத் தூக்கும் ஜாக்கி என்பது யாது? பௌதிக வகுப்பில் நீங்கள் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் பாஸ்கல் விதிதான் அது. பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட அவ்வுண்மையைக் கொண்டு, இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பார் 1795இல் நீர் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். நம் கையிலுள்ள ஜாக்கி அதன் வழித்தோன்றலே. அதில் ஒரு சிறிய உந்துதண்டும் ஒரு பெரிய உந்துதண்டும் உண்டு. சிறியதன் விட்டம் 1 சென்டிமீட்டர், பெரியதன் விட்டம் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 16 மடங்காகிறது. கைப்பிடியின் நெம்புகோல் இன்னும் 20 மடங்கு தருமாயின், மொத்தம் 320 மடங்கு. உராய்வை நீக்கிக் கணக்கிட்டால், 800 கிலோ பாரத்தை இரண்டரை கிலோ அழுத்தத்தால் தூக்கிவிடலாம்! இந்த வசதிக்கு நாம் தரும் விலை பொறுமை. சிறிய தண்டு 2 சென்டிமீட்டர் இறங்கினால் வண்டி ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் ஏறும்.

ஆனால், தூக்கிய பாரத்தை ஏந்தி நிற்பது எது? ஒரு ரப்பர் வளையமும், ஒரு சிறு இரும்புக் குண்டு அடைக்கும் துளையும், அவற்றினிடையே சிறைப்பட்ட எண்ணெயும். வளையம் தேய்ந்தாலும், குண்டினடியில் ஒரு துளி அழுக்குப் படிந்தாலும் வண்டி இறங்கத் தொடங்கிவிடும். ஆகவேதான் ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று என்கிறோம். தாங்குவதற்கென்று முக்காலி வடிவில் இரும்புத் தாங்கிகள் விற்கின்றன. அவற்றில் எண்ணெய் இல்லை. பல்லோ முளையோ பாரத்தைப் பிடித்துக்கொள்கிறது. எடைக்கேற்ற இரண்டு தாங்கிகளை வாங்கி வைப்பது வீண்செலவாகாது. சிலர் செங்கல்லையோ உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லையோ முட்டுக் கொடுக்கிறார்கள். இது மிகத் தீய வழக்கம். கல் முன்னறிவிப்பின்றி ஒரே நொடியில் பிளந்துவிடும்.

இனி வண்டி உருளாதிருக்கும் வகையைப் பார்ப்போம். இதில் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின் சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கிவிட்டால், அந்தப் பிரேக் காற்றில் நிற்கும் சக்கரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கியரில் விட்டிருக்கிறோமே என்று எண்ணுவதும் பயனற்றது. பின்புறத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால், அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியல் அதைச் சுழலவிட்டு, தரையிலுள்ள மற்றதை உருளவிடும். ஆதலின், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டே ஆகவேண்டும். திருவாரூரில் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டையின் ஆற்றலை நான் விளக்க வேண்டியதில்லை.

தரையும் கவனத்துக்குரியது. ஜாக்கியின் அடிப்பகுதி பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் என்றால், 800 கிலோ பாரம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோவாக அழுத்தும். ஈரக் கரிசல் மண் இதைத் தாங்காது. முப்பதுக்கு முப்பது அளவுள்ள கெட்டிப் பலகையைக் கீழே இட்டால், அழுத்தம் 1 கிலோவுக்கும் குறைந்துவிடும். கோடை வெயிலில் இளகிய தார்ச்சாலையும் நம்பத்தக்கதன்று. சரிவான இடத்தில் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது.

ஜாக்கியை எங்கே பொருத்துவது? வண்டியுடன் வரும் கைப்புத்தகம் அதைப் படத்துடன் காட்டும். அதைத் திறந்து பார்ப்போர் சிலரே. பின்புறத்தில் பட்டைவில்லின் அருகே அச்சுக் குழாயின் அடியில் தாங்கியை வைப்பது வழக்கம். அங்கே செல்லும் பிரேக் குழாயை நசுக்கிவிடக் கூடாது. சேசிஸின் அடியில் வைத்தால் அச்சு கீழே தொங்குமாதலால், தாங்கி இன்னும் உயரமாக இருக்க வேண்டும். மற்றொன்றும் உண்டு: ஒரு முனை உயரும்போது, வண்டி மற்ற முனையை மையமாகக் கொண்டு வில்போல் வளைந்து ஏறுகிறது. சக்கரமுள்ள ஜாக்கி அதனுடன் நகர்ந்து கொடுக்கும். குப்பி வடிவ ஜாக்கி நகராது, சாயும். சாயக் கண்டால் உடனே இறக்கி, மீண்டும் நேராக வைக்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றுவதாயின் அதன் நட்டுகளை, வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கிய பின் முறுக்கி இழுத்தால் வண்டியே ஆடும். தாங்கிகளின் மேல் பாரம் முழுவதும் இறங்கியபின், வெளியே நின்றபடியே வண்டியை நன்றாக அசைத்துப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைச் சேசிஸின் கீழே கிடத்தி வைக்கும் தேர்ந்த மெக்கானிக்குகளை நான் கண்டிருக்கிறேன். எல்லாம் தவறினாலும் ஒரு மனிதன் நசுங்காத அளவுக்கு அது இடம் விட்டுவைக்கும்.

வேலை முடிந்ததும் அடியில் ஆளோ கருவியோ இல்லை என்று பார்த்து, ஜாக்கியால் சிறிது உயர்த்தித் தாங்கிகளை அகற்றி, திருகை மெல்லத் திறந்து வண்டியை இறக்க வேண்டும். சக்கரம் தரையில் பதிந்தபின் நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மாற்றி மாற்றி இறுக்கி, சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கலாம்.