இரு கண்ணும் ஒரு படமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



விழாக் குழுவினர் எம்மைப் பேச அழைத்தபோது இலக்கியத் தலைப்பு ஒன்றையே எதிர்பார்த்தனர் என்பதை அறிவோம். இலக்கியம் பேச எமக்குப் பின்னே புலவர் பெருமக்கள் அமர்ந்திருக்கின்றனர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராய்க் காலந்தள்ளும் யாம், ஓய்வு வேளையில் பழகிய ஒரு கைத்தொழிலைப் பற்றியே பேச எண்ணுகிறோம். ஒரே பொருளின் இரு படங்களைச் சிவப்பும் நீலப்பச்சையுமாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, வண்ணக் கண்ணாடி வழியே நோக்கினால் அப்பொருள் பருமையோடு எழுந்து நிற்குமாறு செய்யும் தொழில் அது. மேனாட்டார் இதனை ‘அனாகிளிஃப்’ என்பர். யாம் ‘இருவண்ணப் பருமைப் படம்’ என்று வழங்குகிறோம். இதனினும் நல்ல சொல் புலவர்களிடம் இருப்பின் தந்தருள்க.

இத்தகைய படம் ஒன்று 2023-ஆம் ஆண்டில் நாடெங்கும் வெளியாயிற்று. அவ்வாண்டு ஜூலை 14-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-3, ஆகஸ்டு 23-ஆம் நாள் நிலவில் இறங்கியது. ஸ்ரீஹரிகோட்டா முன்னர் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைத் திருத்தியமைத்தபோது திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆகவே நிலவுக்குச் சென்ற வண்டி நம் பக்கத்து நிலையத்திலிருந்தே கிளம்பிற்று என்று யாம் சொல்லிக்கொள்வதுண்டு. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் அவர்கள் விழுப்புரத்தார். இரயில்வே ஊழியரின் மைந்தர். இரயில்வே பள்ளியில் பயின்றவர். எம் அலுவலகத்தில் அன்று யாவரும் தத்தம் வீட்டுப் பிள்ளையே நிலவைத் தொட்டாற்போல் மகிழ்ந்தனர்.

இறங்கிய கலத்துக்கு விக்ரம் என்றும், அதிலிருந்து உருண்டு வெளிவந்த சிறு ஊர்திக்குப் பிரக்யான் என்றும் பெயர். பிரக்யானின் முகப்பில் வழிகாட்டும் படக்கருவிகள் இடமும் வலமுமாக இரண்டு இருந்தன. ஆகஸ்டு 30-ஆம் நாள் அவை விக்ரமைப் படம் பிடித்தன. இடப்படத்தைச் சிவப்பிலும், வலப்படத்தைப் பச்சை நீலங்களிலும் இட்டு ஒன்றாக்கி, செப்டம்பர் 5-ஆம் நாள் இஸ்ரோ நிறுவனத்தார் வெளியிட்டனர். சிவப்பு–நீலப்பச்சைக் கண்ணாடி கொண்டு பார்க்க வேண்டும் என்றும் குறித்திருந்தனர். அக்கண்ணாடி எத்தனை வீடுகளில் இருந்தது? வெறுங்கண்ணால் பார்த்தவர்க்கு அது அச்சுப் பிசகிய படமாகவே தோன்றியிருக்கும்.

அவையோர் தத்தம் கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். பின்னாலுள்ள தூணை விட்டு விரல் இங்குமங்கும் தாவும். நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் தொலைவு உண்டு. அச்சிறு தொலைவினால் ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளாகக் காண்கின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டே மூளை அண்மை சேய்மையை உணர்கின்றது. இதனை 1838-இல் இங்கிலாந்தில் சார்லஸ் வீட்ஸ்டன் என்பார் ஆடிகள் பொருத்திய ஒரு கருவியால் மெய்ப்பித்தார். தட்டையான இரு சித்திரங்களை ஆளுக்கொரு கண்ணாகக் காட்ட, பருப்பொருள் ஒன்று கண்முன் நின்றது. கருவியின்றி வண்ணத்தாலேயே இரு காட்சிகளையும் பிரிக்கலாம் என்று 1853-இல் ஜெர்மானியர் ரோல்மன் காட்டினார். அச்சுக்கு ஏற்றவாறு இம்முறையைச் செப்பம் செய்து, 1891-இல் அனாகிளிஃப் என்ற பெயரையும் வழங்கியவர் பிரெஞ்சுக்காரர் டூகோ து ஓரோன்.

சிவப்புத் தாள் சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும். நீலப்பச்சைத் தாள் மற்ற இரண்டையும் விட்டுச் சிவப்பைத் தடுக்கும். கணிப்பொறித் திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவொளியின் கலவையே. ஆதலின் சிவப்பை இடக்கண்ணுக்கும், எஞ்சியவற்றை வலக்கண்ணுக்கும் ஒதுக்கிவிட்டால், ஒரே தண்டவாளத்தில் இரு வண்டிகளை மோதாமல் ஓட்டியது போலாகும். 1984-இல் வெளிவந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படத்துக்குத் திரையரங்கில் கண்ணாடி தந்தார்களே, அது இதுவோ எனச் சிலர் வினவுவர். அன்று, அது ஒளியலைகளின் திசையைக் கொண்டு பிரிக்கும் வேறு முறை. அதற்கு வெள்ளி பூசிய திரை வேண்டும். நம்முடையதற்குத் தாளும் மையும் போதும்.

இனிச் செய்முறை. கைப்பேசி ஒன்றிருந்தால் படக்கருவி தனியே வேண்டா. திருப்பதியில் செம்மரத்தால் செய்த மரப்பாச்சிப் பொம்மைகள் கிடைக்கின்றன அல்லவா? அவற்றுள் ஒன்றை மேசைமேல் நிறுத்துக. பொம்மைக்கும் கைப்பேசிக்கும் உள்ள தொலைவை முப்பதால் வகுக்க வருவதே இரு படங்களுக்கும் இடையே நகர்த்த வேண்டிய தூரம். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் மூன்று சென்டிமீட்டர். சந்திரகிரிக் கோட்டையின் இராஜமகாலை அறுபது மீட்டருக்கு அப்பால் நின்று எடுத்தபோது, யாம் இரண்டு மீட்டர் நகர்ந்தோம். அதன் வளைவுகள் அடுக்கடுக்காய் உள்வாங்கி நின்ற அழகைச் சொல்லி மாளாது. கைப்பேசியைத் திருப்பலாகாது, சாய்க்கலாகாது. பக்கவாட்டில் நேராக நகர்த்துவதே முறை. அசையும் பொருள் உதவாது. காற்றில் ஆடும் தென்னையைப் பிடித்தால் இரண்டு தென்னைகளே கிட்டும்.

பின்னர்க் கணிப்பொறி. ‘கிம்ப்’ என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. இரு படங்களையும் அதில் திறந்து, பொம்மையின் பாதம் போன்றதொரு புள்ளி இரண்டிலும் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் வருமாறு ஓரங்களை வெட்டி, இரண்டையும் ஒரே அளவாக்குக. இவ்வேலையில் அவசரம் கூடாது. மேலும் கீழுமாக ஒரு மயிரிழை பிசகினாலும் பார்ப்போர்க்குத் தலைவலி உண்டாகும். இக்கலையைப் பலர் ஒருமுறை பார்த்து வெறுத்தமைக்கு இதுவே காரணம் என்பது எம் கருத்து. வண்ணப் பட்டியில் ‘டிகம்போஸ்’ என்று கட்டளையிட்டால், ஒரு படம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சாம்பல்நிறப் படங்களாகப் பிரியும். மற்றதையும் அவ்வாறே பிரித்து, ‘கம்போஸ்’ கட்டளையில் இடப்படத்தின் சிவப்பையும், வலப்படத்தின் பச்சை நீலங்களையும் தேர்ந்து சேர்க்க, வேலை முடிந்தது. எந்தப் புள்ளியில் இரு படமும் பொருந்தினவோ அப்புள்ளி தாளின் பரப்பில் நிற்கும். அதற்கு அப்பாலுள்ளவை தாளுக்குப் பின்னும், இப்பாலுள்ளவை முன்னும் தோன்றும். ஜப்பானியர் மசூஜி சூட்டோ இயற்றிய ‘ஸ்டீரியோ ஃபோட்டோ மேக்கர்’ என்னும் இலவச மென்பொருள் இவ்வளவையும் தானே செய்து தரும். எனினும் முதற்படத்தைக் கையால் செய்து பழகியவர்க்கே பின்னர் வரும் பிழைகள் புலப்படும்.

மரப்பாச்சியைச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. முதன்முதலாக அதைச் செய்து பார்ப்போர் திகைப்பர். செந்நிறப் பொருள் சிவப்புத் தாளின் வழியே வெளுத்தும், நீலப்பச்சையின் வழியே கறுத்தும் தெரியும். ஒரு கண் வெள்ளை என, மறுகண் கருமை என, பொம்மை மினுமினுத்துக் கண்ணைக் கூசச் செய்யும். நெற்றித் திருமண்ணின் நடுக்கோடும், குங்குமமும், சிவப்புச் சேலையும் இவ்வாறே தொல்லை தரும். தீர்வு எளிது: சேர்க்குமுன் இரு படங்களையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுக. செம்மரத்தின் செம்மை போகும். உளி பட்ட பள்ளம் ஒவ்வொன்றும் தெரியும். வண்ணத்தையும் ஓரளவு காக்கும் கணக்கு முறை ஒன்றைக் கனடாவின் எரிக் துபுவா 2001-இல் வகுத்தார். அது மென்பொருள்களில் உண்டு. ஆயினும் எம் மனத்துக்குப் பிடித்தது கறுப்பு வெள்ளையே.

மலையை எடுப்பது எவ்வாறு? ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலைக்கு முப்பதில் ஒரு பங்கு ஐம்பது மீட்டர். அங்கே நம் இரயில் உதவிக்கு வருகின்றது. 2005-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள், முன்நோக்கும் கருவி ஒன்றும் பின்நோக்கும் கருவி ஒன்றுமாகச் சுமந்து, ஓடிக்கொண்டே ஒரே நிலத்தை இருமுறை படம் பிடித்தது. மேடு பள்ளங்களை அளக்க அவ்விணைப் படங்கள் பயன்பட்டன. அதே உபாயந்தான். மணிக்கு அறுபது கிலோமீட்டர் ஓடும் வண்டி மூன்று நொடியில் ஐம்பது மீட்டர் கடக்கும். பாகாலாவிலிருந்து வரும் வண்டியில் சந்திரகிரி தாண்டியதும் இடப்பக்கச் சாளரத்தில் அமர்ந்து, ஒரு படம் எடுத்து, மூன்று நொடி பொறுத்து மற்றொன்று எடுங்கள். முதலாவது இடக்கண்ணுக்கு உரியது, இரண்டாவது வலக்கண்ணுக்கு. மாற்றிச் சேர்த்தால் சேஷாசல மலை பள்ளத்தாக்காகிவிடும்! மின்கம்பம் குறுக்கே வராதவாறு பார்த்துக்கொள்க. கையை வெளியே நீட்டுவோர்க்கு இக்கலை கற்பிக்கப்படமாட்டாது.

இத்தனையும் வேடிக்கைதானே, இதற்கு ஒரு சொற்பொழிவா என்று கேட்போர்க்கு ஒரு செய்தி கூறவே யாம் இங்கு வந்தோம். ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில், பிள்ளைகள் உயிரெழுத்துகளை விரும்பிக் கற்கட்டும் என்று, எழுத்துகள் தாளை விட்டு எழும்புமாறு படங்கள் செய்து காட்டினோம். எல்லாக் குழந்தைகளும் ‘அ’வைக் கையால் பிடிக்கப் பாய்ந்தன. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும், “மாமா, எனக்குச் சிவப்பாத்தான் தெரியுது, ஒண்ணும் வெளியே வரலியே” என்றான். அட்டையைச் சரிசெய்து கொடுத்தும் அதே விடை. அவன் கண்கள் பார்வைக்கு நேராகவே இருந்தன, நன்றாக ஓடியாடி விளையாடினான், பாடத்திலும் குறைவில்லை. பெற்றோரிடம் கூறி, கண் மருத்துவரிடம் காட்டுமாறு வற்புறுத்தினோம். ஒரு கண்ணின் பார்வைக் குறைவால் மூளை அக்கண்ணையே பயன்படுத்தாமல் விட்டிருந்தது என்று மருத்துவர் கண்டறிந்தார். ‘சோம்பற் கண்’ என்கின்றனர். மூக்குக்கண்ணாடி தந்து, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்துக் குறைந்த கண்ணைப் பழக்குமாறு கூறினர்.

ஒரு கண்ணாலேயே உலகைக் காண்பவர் அண்மை சேய்மை அறவே அறியாதவர் அல்லர். பொருளின் அளவு, நிழல், ஒன்றை ஒன்று மறைக்கும் தன்மை ஆகியவற்றால் ஓரளவு உணர்ந்துகொள்வர். அதனாலேயே இக்குறை வீட்டாருக்குத் தெரியாமல் போகின்றது, பிள்ளைக்கும் தெரியாது, எல்லார்க்கும் உலகம் இப்படித்தான் என்றே எண்ணும். இளமையில், ஏழெட்டு வயதுக்குள் கண்டால் பெரும்பாலும் நன்கு திருத்தலாம்; வயது ஏற ஏறக் கடினமாகும் என்பர் மருத்துவர். எம் துறையில் இரயில் வண்டி ஓட்டுவோர்க்கு இரு கண்ணும் ஒருங்கே காணும் திறனையும் நிறம் அறியும் திறனையும் சோதித்தே வேலை தருகின்றனர். எழுத்தர்க்கு அத்துணைக் கடுமை இல்லை. கோப்பு மேசைமேல் அசையாது கிடக்கும் அல்லவா?

எம் அட்டைக் கண்ணாடி மருத்துவச் சோதனை ஆகாது. படம் எழுந்து தெரிந்ததால் கண்ணில் குறையே இல்லை என்று முடிவு செய்யலாகாது. தெரியாததனால் அஞ்சி நடுங்கவும் வேண்டா. பெரியவர்களுள்ளும் சிலர்க்கு இது தோன்றுவதில்லை. தெரியவில்லை என்று ஒரு குழந்தை கூறினால், “சரியாகப் பார், சோம்பேறி” என்று அதட்டாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவ்வளவே யாம் வேண்டுவது.

தமிழும் தெலுங்கும் நமக்கு இரு கண்கள் என்ற உவமையை இந்நேரம் எதிர்பார்த்திருப்பீர்கள். அதனை அடுத்துப் பேசவிருக்கும் அன்பர்க்கு விட்டுவைத்துள்ளோம்.

மண்டபத்தின் பின்புற மேசையில், செல்லோபேன் தாள் ஒட்டிய நாற்பது அட்டைக் கண்ணாடிகளும், விக்ரம் படமும், இராஜமகாலும், மலையும், மரப்பாச்சியும், உயிரெழுத்துகள் பன்னிரண்டும் வைத்திருக்கிறோம். சிவப்பு இடக்கண்ணுக்கு. குழந்தைகளை முதலில் விடுங்கள். அவர்கள் கூறும் விடையைப் பெற்றோர் அருகிருந்து கேளுங்கள். கண்ணாடிகளைத் திருப்பித் தந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். சித்தூர்க் கிளை விழாவுக்கும் அவையே வேண்டும்.